17ஆம் குறி: யாருக்குப் பின்னால் போவது?

ஓடை | 3 ஜூன் 2024, மாலை

சீனர்களின் ஐ சிங் (‘மாற்றங்களின் நூல்’) குறிநூலைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். ஆறு ஆறு கோடுகளால் ஆன 64 குறிகளில் 17ஆவது ‘பின்தொடர்தல்’. வெள்ளத்தில் நாணல் சாய்கிற மாதிரி, காலம் இழுக்கும் பக்கம் சாய்ந்துவிட வேண்டும், பிழைக்கும் வழி அதுதான் என்று அந்தக் குறி சொல்கிறதாம். ஆபீஸில் புது மேலாளர் வந்ததிலிருந்து நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுதான் தலையாட்டுகிறேன். அப்படியானால் நான் செய்வது சரிதானே? இங்கே யாருக்காவது அந்த நூல் பழக்கமா?

பட்டறையான் | 3 ஜூன், இரவு

பாதிதான் சரி.

குறியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். முழுக்கோடு, உடைந்த கோடு, உடைந்த கோடு: இது கீழ்ப்பாதி, இடி. அதற்கு மேல் முழுக்கோடு, முழுக்கோடு, உடைந்த கோடு: இது ஏரி. இடியை மூத்த மகன் என்றும் ஏரியைக் கடைசி மகள் என்றும் சீனர்கள் சொல்வார்கள். ஆக, வீட்டிலேயே பலசாலியானவன் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறான், கடைக்குட்டி மேலே இருக்கிறாள். வலியது வந்து மெலியதன் கீழ் அமர்கிறது என்றுதான் பழைய உரையும் இதை விளக்குகிறது. வேறு போக்கில்லாதவன் பணிந்து போவதை இந்தப் படம் காட்டவில்லை. நிமிர்ந்து நிற்க முடிந்தவன், தானாக இறங்கி வருகிறான்.

குறியின் தலைப்பு வாசகம் இன்னும் கறாரானது. பெரிய வெற்றி உண்டு, உறுதியாக நிற்பது நன்மை, பழி வராது. பின்தொடர்வதற்கென்றே இருக்கும் குறியின் வாசலிலேயே ‘உறுதி’ நிற்கிறது. தலையாட்டுகிறீர்களே, எதை விட்டுக்கொடுக்காமல் ஆட்டுகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

பட்டறையான் | 4 ஜூன்

இந்த நூல் உங்களுக்கு எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் ஃபோர்மேனாக இருந்தேன். அங்கே ஹொக்கியன் பேசும் சீனப் பெரியவர் ஒருவர் ஃபிட்டர். சட்டைப்பையில் மூன்று பழைய காசுகள் வைத்திருப்பார். தேநீர் நேரத்தில் கவிழ்த்த வாளிமேல் அவற்றை ஆறு தடவை போடுவார், ஒவ்வொரு தடவைக்கும் சிமெண்டுப் பை காகிதத்தில் ஒரு கோடு இழுப்பார். எனக்கு மலாயும் கொஞ்சம் சீனமும் கலந்து விளக்குவார். ‘அங்கிள், இன்னிக்கு மழை வருமா’ என்று பையன்கள் கேட்டால் காசை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். அண்ணாந்து பார்த்தால் தெரிவதைக் காசிடம் கேட்பது மரியாதை இல்லை என்பார்.

அவர் ஊருக்குப் போன பிறகுதான் நான் புத்தகமாகப் படிக்கத் தொடங்கினேன். ரிச்சர்ட் வில்ஹெல்ம் 1924இல் ஜெர்மனில் கொண்டுவந்ததன் ஆங்கில வடிவம். 1950இல் வந்தது அது, கார்ல் யுங் முன்னுரை எழுதியிருக்கிறார்.

பட்டறையான் | 6 ஜூன்

சிங்கப்பூர் வாட்டர்லூ தெரு குவான் யின் கோயிலில் குலுக்கி எடுக்கும் குச்சிதான் இது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை, அது வேறு. அங்கே எண்ணிட்ட குச்சிகளில் ஒன்று விழும், அந்த எண்ணுக்கான பாட்டைத் தருவார்கள், அத்தோடு முடிந்தது. ஐ சிங்கில் குறியை நாமே கோடு கோடாகக் கட்ட வேண்டும். காசு வழக்கத்துக்கு வருமுன் ‘யாரோ’ (yarrow) என்று ஆங்கிலத்தில் சொல்லும் செடியின் 50 தண்டுகளை வைத்துச் செய்தார்கள். ஒன்றைத் தனியே வைத்துவிட்டு 49ஐப் பிரித்து எண்ணுவார்கள். ஒரு கோட்டுக்கு மூன்று முறை, முழுக் குறிக்கு 18 முறை. அந்த நேரம் முழுக்கக் கேள்வி கையிலேயே இருக்கும். எனக்கு இந்த நூலில் பிடித்ததே அந்தத் தாமதம்தான்.

அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். குவான் யின்னைக் கும்பிட்டு வரும் சீனர்கள் நம் கிருஷ்ணனுக்கும் ஊதுவத்தி வைத்துவிட்டுப் போவார்கள். போகிற பக்கம் பார்த்துவிட்டு வாருங்கள்.

பட்டறையான் | 9 ஜூன்

ஓடை கேட்டது ஆபீஸ் விஷயம் என்பதால் என் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு ஐம்பது தாண்டிய பிறகு எங்கள் பிரிவுக்கு ஒரு இளம்பெண் இன்ஜினியராக வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். அதுவரை ஹாட் ஒர்க் பெர்மிட், அதாவது வெல்டிங் மாதிரி தீப்பொறி பறக்கும் வேலைக்கான அனுமதிச் சீட்டு, காகிதத்தில் இருந்தது. இவர் வந்ததும் டேப்லெட். எந்த டேங்கில் யார் இறங்கியிருக்கிறார், கேஸ் செக் எப்போது நடந்தது, எல்லாவற்றையும் படத்தோடு ஏற்ற வேண்டும். மூத்த ஃபோர்மேன்கள் முனகினார்கள். நான் முதல் வாரமே அவரிடம் போய், ‘எனக்குச் சொல்லிக் கொடுங்கம்மா’ என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த முறை நல்லது என்று பார்த்த உடனே தெரிந்தது. எண்ணெயும் மழையும் பட்டுக் கிழிந்த காகிதத்தில் ஒருவன் டேங்குக்குள் இருக்கிறானா, வெளியே வந்துவிட்டானா என்று தேடியவனுக்கு அது புரியும்.

அதுவரை சுகம். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் குறியின் நாலாவது கோடு.

புதுக்கோட்டைப் பையன்களும் வங்கதேசத்துப் பையன்களும் டேப்லெட்டில் எது புரியாவிட்டாலும் என்னிடம் வந்தார்கள். நான் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் டேப்லெட்டைத் தாண்டி எல்லாவற்றுக்கும் வந்தார்கள். லீவு, ஓவர்டைம், யாரை எந்த டாக்குக்கு அனுப்புவது. இன்ஜினியர் காலையில் வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஒன்று சொன்னால், கண்கள் என் பக்கம் திரும்பும், நான் தலையசைத்த பிறகே கால்கள் நகரும். வெளியிலிருந்து பார்த்தால் நான் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். உள்ளே பார்த்தால் கூட்டம் எனக்குப் பின்னால் நிற்கிறது.

நாலாவது கோடு சொல்வது: பின்தொடர்வதில் ஆதாயம் கிடைக்கும், அதிலேயே நின்றால் கேடு. உண்மையோடு வழியில் தெளிவாக நடந்தால் பழி ஏது? 11ஆம் நூற்றாண்டில் பிறந்து இந்த நூலுக்கு உரை எழுதிய சீன அறிஞர் செங் யி இந்தக் கோட்டை அரசனுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் அமைச்சன் என்று எடுத்துக்கொள்கிறார். மக்கள் மனம் அரசனை விட்டு அமைச்சனைத் தொடரத் தொடங்குகிறது. அமைச்சன் ஒரு தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை, அந்த நிலையே ஆபத்து. செங் யி இதை எழுதியது நாடுகடத்தப்பட்டு ஃபூலிங் என்ற ஊரில் இருந்த காலத்தில். அரசவை அரசியலில் அடிபட்டு 1097இல் அங்கே அனுப்பப்பட்டவர், 1099இல் உரைக்கு முன்னுரை எழுதுகிறார். அமைச்சனுக்கு வரும் ஆபத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் செய்தது சின்ன வேலை. அதற்குப் பிறகு பையன்கள் என்ன கேட்டாலும், ‘வா, அவங்ககிட்டயே கேட்போம்’ என்று கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன், பதிலை நான் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கண்கள் அவர் பக்கம் திரும்பின.

பட்டறையான் | 10 ஜூன்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. பையன்கள் என்னைத் தேடி வந்தது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிடித்தம்தான் ‘ஆதாயம்’. நூல் அதைக் கெட்டது என்று சொல்லவில்லை, அதிலேயே நிற்காதே என்கிறது.

இன்னொரு யோசனையும் வருகிறது. அப்போது நான் இறங்கி வந்தது பக்குவத்தாலா, அலுப்பாலா? பெரியவரிடம் கேட்டிருந்தால் இரண்டும்தான் என்றிருப்பார். அலுத்தவனும் நல்ல முடிவு எடுக்கலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

பட்டறையான் | 15 ஜூன்

ஓடை மறுபடி கேட்கிறார்: “குறி நல்லதாக வந்துவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லைதானே?” இதற்கு ஒரு கதை இருக்கிறது. இந்த 17ஆம் குறியைப் பற்றியதுதான், ஸுவோ ஜுவான் என்ற பழைய வரலாற்று நூலில் வருகிறது.

பழைய சீனத்தின் லூ நாட்டில் மூ ஜியாங் என்று ஒரு அரசமாதா. அப்போது ஆண்ட கோமகனின் தாய். ஷுசுன் சியாவ்ரு என்ற பிரபுவோடு அவளுக்குத் தொடர்பு. நாட்டில் பலமாக இருந்த ஜி குடும்பத்தையும் மெங் குடும்பத்தையும் துரத்திவிடச் சொல்லி மகனை நெருக்கினாள். கி.மு. 575, மகன் போருக்குப் புறப்படும் நேரம். திரும்பி வந்து பார்க்கிறேன் என்றான் அவன். அந்தப் பக்கமாகப் போன அவன் தம்பிகளைக் கை காட்டி, நீ மறுத்தால் இவர்களில் எவனும் கோமகன் ஆகலாம் என்றாள். பெற்ற மகனிடம் பேசிய பேச்சு அது. சூழ்ச்சி பலிக்கவில்லை. பிரபு சி நாட்டுக்கு ஓடிப்போனான். இவளைக் கிழக்கு அரண்மனையில் அடைத்தார்கள்.

உள்ளே போகும்போதே குறி பார்க்கச் சொன்னாள். முதலில் வந்தது 52ஆம் குறி, மலை. அசையாமல் நிற்பது. குறி பார்க்கும்போது சில கோடுகள் எதிராக மாறும் கோடுகளாக விழும், முழுக்கோடு உடையும், உடைந்தது முழுதாகும். அதில் ஐந்து கோடுகள் அப்படி மாறின, இரண்டாவது கோடு மட்டும் மாறவில்லை. மாறிய பிறகு கிடைத்தது நம் 17ஆம் குறி. குறி சொல்பவர் மகிழ்ந்துபோய், இது வெளியேறும் குறி, சீக்கிரமே வெளியே வந்துவிடுவீர்கள் என்றார்.

அவள் இல்லை என்றாள்.

இந்தக் குறிக்கு வெற்றியும் பழியின்மையும் சொல்லியிருப்பது நான்கு குணங்கள் உள்ளவருக்கு. நான் குழப்பத்தில் பங்கெடுத்தேன். நாட்டுக்கு அமைதி தரவில்லை. என் செயலால் எனக்கே கேடு தேடினேன். என் இடத்துக்குரிய ஒழுக்கத்தை விட்டேன். நான்கில் ஒன்றும் என்னிடம் இல்லை. எனக்கு எப்படி இது பின்தொடர்தல் ஆகும்? நான் இங்கேயேதான் சாவேன். அவள் சொன்னதன் சாரம் இது. கி.மு. 564இல் அந்த அரண்மனையிலேயே இறந்தாள்.

படிக்கப் படிக்க அவள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. செய்ததெல்லாம் கெட்டது, சந்தேகமில்லை. ஆனால் கைதியாய் உள்ளே போகும் நேரத்தில், ‘விடுதலை’ என்று தட்டில் வைத்து நீட்டியதை ஒருத்தி வேண்டாம் என்றாளே. அந்த அறையில் குறியைச் சரியாகப் படித்தது அவள் மட்டும்தான்.

பட்டறையான் | 16 ஜூன்

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது என்னைத் தூங்கவிடவில்லை.

12ஆம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற பேரறிஞர், எத்தனை கோடுகள் மாறினால் எதைப் படிப்பது என்று விதிகள் வகுத்தார். 1186இல் வந்த நூல். அவர் விதிப்படி, ஐந்து கோடுகள் மாறினால், மாறிய பிறகு வரும் குறியில் மாறாமல் நின்ற அந்த ஒரு கோட்டைத்தான் படிக்க வேண்டும். மூ ஜியாங் கதையையே அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். குறிசொல்லி பார்த்திருக்க வேண்டியது 17ஆம் குறியின் இரண்டாவது கோட்டை, அவர் அதை விட்டுவிட்டுத் தலைப்பு வாசகத்தை எடுத்தது பிழை என்கிறார்.

அந்த இரண்டாவது கோடு என்ன சொல்கிறது தெரியுமா? சிறுவனைப் பற்றிக்கொண்டால் வளர்ந்த ஆளை இழப்பாய்.

ஷுசுன் சியாவ்ருவைப் பற்றிக்கொண்டு மகனையும் நாட்டையும் இழந்தவள் கையில் வந்து விழுந்த கோடு அது. மூன்றாவது கோடு இதற்கு நேர் எதிர்: வளர்ந்தவனைப் பற்று, சிறுவனை இழப்பாய், தேடியது கிடைக்கும். இரண்டிலும் இழப்பு உண்டு. ஒருவர் பின்னால் போனால் இன்னொருவரை விட்டுத்தான் ஆக வேண்டும். எல்லோருக்கும் ஏற்றபடி வளைய இந்தக் குறியில் இடமே இல்லை.

ஓடை, உங்கள் ‘சரி சரி’யில் நீங்கள் இழந்துகொண்டிருப்பது யாரை? மேலாளருக்குச் சொல்லும் ஒவ்வொரு சரிக்கும் உங்கள் கீழே வேலை செய்கிறவர்களில் யாரோ ஒருவர் தனியாக நிற்கிறாரா?

பட்டறையான் | 17 ஜூன்

கொஞ்சம் கடுமையாகக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில் கேட்டதுதான் தம்பி. பதில் இங்கே வேண்டாம், உங்களுக்குள் இருக்கட்டும்.

பட்டறையான் | 22 ஜூன்

“மாற்றங்களின் நூல் என்று பெயர் வைத்துவிட்டு மாறாதே என்றால் எப்படி?” நல்ல கேள்வி.

32ஆம் குறியைப் பாருங்கள். நிலைத்திருத்தல். கீழே காற்று, மேலே இடி, இரண்டுமே ஓயாமல் அசைபவை. ஆனால் அதன் உரை, மேன்மக்கள் நிற்கிறார்கள், திசையை மாற்றுவதில்லை என்கிறது. அதன் மூன்றாவது கோடு, தன் பண்பில் நிலைக்காதவனுக்கு அவமானம் வரும் என்கிறது. இந்த வரியைக் கன்ஃபூசியஸ் எடுத்துச் சொன்னதாக அவர் உரையாடல் தொகுப்பான லுன்யூவில் இருக்கிறது. சொல்லிவிட்டு, இதற்குக் குறியே பார்க்க வேண்டியதில்லை என்றாராம்.

யார்டில் டேங்குக்குள் ஆள் இறங்குமுன் காற்றைச் சோதிக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, 23.5ஐத் தாண்டவும் கூடாது. எரியும் வாயு, தீப்பற்றத் தேவையான குறைந்த அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். துருப்பிடித்த, மூடியே கிடந்த டேங்கில் துருவே ஆக்சிஜனைத் தின்றிருக்கும். மணமும் இருக்காது, மூச்சு முட்டுவதும் தெரியாது, இறங்கியவன் அப்படியே சரிவான்.

ஒரு மாலை, கப்பல்காரர் தரப்பிலிருந்து வந்தவருக்கு அவசரம். காலையில் எடுத்த ரீடிங் இருக்கிறதே, அதையே வைத்து இறக்குங்கள் என்றார். நடுவில் சில மணி நேரம் டேங்கில் காற்றோட்டம் நின்றிருந்தது. முடியாது என்றேன். குரலை உயர்த்தினார். இன்ஜினியரம்மா வந்தார், டேப்லெட்டைப் பார்த்தார், மீட்டரை வரவழைத்தார். அவர் என் பக்கம் நின்றார் என்று எழுதப்போனேன். இரண்டு பேருமே மீட்டரின் பக்கம் நின்றோம் என்பதே சரி.

காகிதத்திலிருந்து டேப்லெட்டுக்கு ஒரே வாரத்தில் மாறியவனும் நான்தான், அன்றைக்கு அசையாதவனும் நான்தான். எனக்கு இது முரணாகப் படவில்லை. இரண்டு தடவையும் டேங்குக்குள் இறங்குகிறவன் உயிரோடு ஏறி வர வேண்டும் என்பதைத்தான் பின்தொடர்ந்தேன்.

பட்டறையான் | 30 ஜூன்

17க்கு அடுத்த 18ஆம் குறி, கெட்டுப்போதல். அந்தச் சீன எழுத்தில் ஒரு பாத்திரமும் அதற்குள் புழுக்களும் இருக்கும். 17ஐத் தலைகீழாகக் கவிழ்த்தால் 18 வரும். கவிழ்க்காமல் முழுக்கோடுகளை உடைத்து, உடைந்தவற்றை ஒட்டினாலும் அதே 18 வரும். 32 இணைகளில் இப்படி இரண்டு வகையிலும் பொருந்துபவை நான்கே. 11ம் 12ம், 17ம் 18ம், 53ம் 54ம், 63ம் 64ம்.

குறிகளின் வரிசையைப் பற்றிய பழைய உரை, மகிழ்ச்சியோடு பிறரைத் தொடர்கிறவர்களுக்குக் கட்டாயம் ஒரு வேலை வந்து சேரும், அதனால் அடுத்தது கெட்டுப்போதல் என்கிறது. ‘எல்லாரும் சந்தோஷமாகத்தானே போகிறோம்’ என்று போன இடத்தில் யாரும் கவனிக்காமல் கெட்டதைச் சரிசெய்யும் வேலை அது. 18ஆம் குறியின் கோடுகளில் பெரும்பாலும் அப்பன் விட்டுப்போனதைப் பிள்ளை சீராக்குவது பற்றித்தான் பேச்சு.

ஆனால் இந்த வரிசையையே வேதமாகப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. 1973இல் சாங்ஷாவுக்குப் பக்கத்தில் மாவாங்துய் கல்லறையிலிருந்து இந்த நூலின் பட்டுச் சுவடி கிடைத்தது. கி.மு. 168இல் மூடிய கல்லறை. அதில் 64 குறிகளும் வேறு வரிசையில் இருக்கின்றன.

பட்டறையான் | 7 ஜூலை

இரவு ஷிப்ட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், இந்தக் குறியில் உழைப்பாளிக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு, நேராகவே உண்டு. ஏரிக்குள் இடி, மேன்மக்கள் அந்தி சாய்ந்ததும் உள்ளே போய் ஓய்வெடுக்கிறார்கள். குறியின் படத்துக்கான உரை முழுவதும் இவ்வளவுதான்.

இடிக்குரிய திசை கிழக்கு, அதன் காலம் வசந்தம். ஏரிக்கு மேற்கு, இலையுதிர் காலம். சீன நாட்காட்டிப்படி செப்டம்பர் 23ஐ ஒட்டி இடி குரலை அடக்கும். மார்ச் கடைசி வாக்கில், வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்குச் சற்றுப் பிறகு, திரும்ப வரும். நமக்கு ஆண்டு முழுக்க இடி இடிப்பதால் இது உடனே மனதில் பதியாது. வட சீனத்தில் இருக்கிறவனுக்கு, இவ்வளவு சத்தம் போட்ட ஒன்று எங்கேயோ போய் அடங்கியிருக்கிறது என்பது கண்கூடு.

காலத்தைத் தொடர்வது என்றால் ஓடிக்கொண்டே இருப்பது என்று எங்கள் யார்டில் நினைத்தார்கள். ஓவர்டைம் கேட்டால் மறுக்காதவன் நல்ல தொழிலாளி. நான் அப்படிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வெல்டிங் செய்தவன் கை, அடுத்த மணியில் போடும் தையலை மறுநாள் அரைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியிருக்கும். நண்பரே, உங்கள் அந்தி காலை ஏழு மணிக்கு வருகிறது. அப்போது போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

ஓடை | 19 ஜூலை

மேலாளரிடம் முதல் தடவையாக ஒன்றை மறுத்தேன். என் கீழே இருக்கும் பெண்ணுக்கு விடுப்பு ரத்து செய்யச் சொன்னார், முடியாது என்றேன். மற்ற எல்லாவற்றுக்கும் சரிதான். காசு போட்டுக் குறி பார்க்கவும் ஆசை. எப்படிப் போடுவது?

பட்டறையான் | 20 ஜூலை

மகிழ்ச்சி தம்பி. அந்தப் பெண்ணுக்கு விடுப்பு கிடைத்ததா? அதை எழுதுங்கள்.

காசுக்கு: ஒரே மாதிரி மூன்று காசு. தலைக்கு 3, பூவுக்கு 2 என்று வைத்துக்கொண்டு கூட்டுங்கள். 7 வந்தால் முழுக்கோடு, 8 வந்தால் உடைந்த கோடு, இரண்டும் மாறாதவை. 9 முழுக்கோடு, 6 உடைந்த கோடு, இரண்டும் எதிராக மாறுபவை. முதலில் போடுவது அடிக்கோடு. ஒரு கோடு மாறும் கோடாக வர நாலில் ஒரு வாய்ப்பு. மூ ஜியாங்குக்கு வந்த மாதிரி சரியாக ஐந்து கோடுகள் மாறுவது, காசில் ஏறக்குறைய 228க்கு ஒரு தடவை.

கேள்வியை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘பதவி உயர்வு வருமா’ என்று எழுதாதீர்கள், ‘இந்த வேலையில் நான் எதைத் தொடர்கிறேன்’ என்று எழுதுங்கள். வந்த குறியை இங்கே போட்டால் சேர்ந்து படிப்போம். மாறிய கோடுகள் எவை என்பதையும் மறக்காமல் குறியுங்கள், ஜூ ஷி விதிப்படி படிக்க அது வேண்டும்.